கடைசிப் பெயருக்குப் பிறகு

கொட்டச்சேடு
2 பிப்ரவரி 2025

பாலு தம்பிக்கு,

மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஜனவரியில் ஒரே ஒருமுறை எடுத்தீர்கள். அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. காகிதத்தைக் கட் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு இல்லை. ஒரே ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பசித்தாலும் அதுதான், கொசு கடித்தாலும் அதுதான். சேலத்து டாக்டரம்மா சொன்னார்: "உள்ளார எல்லாம் பத்திரமா இருக்குதும்மா. வெளிய வர்ற வழிதான் அடைச்சுக்கிச்சு." வழி எப்போது திறக்கும் என்று கேட்டேன். மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

இப்போது எழுதுவது அவருடைய போன் விஷயமாக. நீங்கள் முதல் சம்பளத்தில் அவருக்கு வாங்கித் தந்தது. காபிக்காட்டில் விழுந்தபோதும் அவர் சட்டைப்பையில் இருந்தது. கீறல்கூட விழவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கட்டை விரலை வைத்தால் திறந்துகொள்ளும். அப்படித் திறந்துதான் உங்களுக்கும் சேதி சொன்னேன். பிறகு சார்ஜ் இறங்கி அணைந்துபோனது. ஊருக்கு வந்து சார்ஜ் போட்டால் விரலை ஏற்கவில்லை. பேட்டர்ன் வரைந்தால்தான் திறக்குமாம். அதே விரல்தான். இத்தனை வருஷம் திறந்த விரல்.

டவுனில் ஒண்டிக்கடைப் பக்கம் செல்வராஜின் போன் கடைக்குக் கொண்டுபோனேன். "அக்கா, பூட்லோடரத் திறந்து புதுசாட்டம் பண்ணித் தர்றதுன்னா அரைமணி நேரம் போதுமுங்க. ஆனா உள்ள இருக்கறது பூராம் போயிரும். உள்ள இருக்கறதுதான் வேணும்னா, அது நம்மால ஆகாதுங்க."

எனக்கு உள்ளே இருப்பதுதான் வேண்டும். எஸ்டேட் ரைட்டர் வேலையில் உங்கள் அண்ணன் தினமும் காலையில் களத்தில் நின்று ஆட்களின் பெயர் கூப்பிடுவார், உங்களுக்குத் தெரியும். ஒருநாள் பொன்னாயி அக்கா வந்தேன் என்றது, இவர் வரவில்லை என்றார். பெரிய ரகளை. அதிலிருந்து, பெயர் கூப்பிடும் மஸ்டரைப் போனில் பதிவு செய்துவைப்பார். எல்லாக் காலையும் அதில் இருக்கிறது. வரிசையில் கடைசிப் பெயர் என்னுடையது. ரைட்டர் பெண்டாட்டியை முன்னால் கூப்பிட்டால் பேச்சு வரும் என்று கடைசியில் வைத்தார். எனக்குப் பிறகு யாரும் இல்லை. வீட்டில் என்னை 'ஏம்புள்ள' என்பதோடு சரி. மேகலா என்று அவர் சொல்வது களத்தில் மட்டும்தான். நான் "இருக்கேனுங்க" என்பேன். பொன்னாயி அக்கா, "ராத்திரியெல்லாம் எங்க இருந்தியாம்?" என்று கேட்கும். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கும்.

இந்தப் பூட்டைச் செய்யும் வேலைக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். திறந்து கொடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மேகலா


பெங்களூரு
7 பிப்ரவரி

அண்ணி,

எடுக்காததற்குக் காரணம் உண்டு. எழுதிப் பார்த்தேன். வரவில்லை. முதலில் போனைப் பற்றி.

அணைந்திருக்கும் போனுக்குத் தான் ஒரு போன் என்பதே தெரியாது. பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது மிகச் சிறிய நிரல். சிப்பைச் செய்யும்போதே அதில் பொறித்துவிடுவார்கள். பிறகு யாராலும் மாற்ற முடியாது, செய்தவராலும். அது எழுந்து அடுத்த நிரலைக் கூப்பிடும். அதன் கையெழுத்தைச் சரிபார்க்கும். சரியென்றால் வேலையை ஒப்படைக்கும். இரண்டாவது மூன்றாவதைக் கூப்பிடும். இப்படியே போய்த்தான் கடைசியில் திரை ஒளிர்கிறது. இந்த வரிசைக்குத்தான் பூட்லோடர் என்று பெயர். அண்ணன் காலையில் செய்வதுதான். பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கூடையைக் கொடுப்பது. ஒரு முகம் தவறினாலும் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும்.

செல்வராஜ் சொன்னது சரி. பூட்லோடரைத் திறக்கச் சொல்பவனைப் போன் திருடனாகத்தான் பார்க்கும். திறப்பதற்கு முன் உள்ளே இருப்பதை அழித்துவிடும். அப்படிப் பார்க்கத்தான் நாங்கள் அதைப் பழக்குகிறோம்.

விரல் ஒரு வசதி, அவ்வளவுதான். போன் அணைந்து எழுந்தால் ஒருமுறை பேட்டர்னைக் கொடுத்த பிறகே விரலை மதிக்கும். உள்ளே உள்ளவை எல்லாம் அடையாளம் தெரியாதபடி கலைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை மறுபடி சேர்க்கும் சாவி, பாதி அண்ணன் வரையும் கோட்டில் இருக்கிறது. மீதிப் பாதி சிப்புக்குள் இருக்கும் ஒரு ரகசிய எண்ணில். சார்ஜ் இறங்காமல் இருந்திருந்தால்.

இந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் இன்னும் உறுத்தும். விட்டுவிடுகிறேன்.

ஊகித்து எதையும் வரைந்து பார்க்காதீர்கள். தவறத் தவறக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். போனைப் பார்சலில் அனுப்புங்கள். ஒரு வழி இருக்கலாம். இருக்கிறது என்று சொல்லவில்லை.

பாலகுமார்


கொட்டச்சேடு
12 பிப்ரவரி

பாலு தம்பிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் வரைந்து பார்த்துவிட்டோம். அவர் இடது கையைப் பிடித்துத் திரையில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோடு. போன் முதலில் அரை நிமிஷம் பொறு என்றது, பிறகு இன்னும் பொறு என்றது. பொறுத்தோம். கடைசியில் அவர் அதைத் தள்ளிவிட்டார். பொன்னாயி அக்கா பார்த்துக்கொண்டிருந்தது. "போனுக்கும் உம்பட ஊட்டுக்காரனுக்கும் ஒரே பிடிவாதம் புள்ள" என்றது. சிரித்துவிட்டேன். கொஞ்சம் கழித்துத்தான் வலித்தது.

அந்த வரியைப் படித்தேன். சார்ஜ் இறங்கியபோது என் கையில் மூத்திரப் பை இருந்தது.

சாவி பாதி அவரிடம், பாதி சிப்பிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பங்கு இல்லை என்று புரிந்தது.

இன்னொன்று. அப்டேட் வந்தால் உடனே போடவேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களாம். இங்கே சிக்னல் போதாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒண்டிக்கடைக்குப் போய் பேக்கரியில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பாலு சொல்லியிருக்கான், போடலீனா திருடன் வந்துருவான்னு." கறி வாங்கப் போகச் சொன்னால்கூட அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை. இது உங்களுக்கு உதவுமோ என்று எழுதுகிறேன்.

புது ரைட்டர் வந்துவிட்டது. ஃபெபி என்று ஒரு பெண், டவுனிலிருந்து. குரல் சின்னது. பின்வரிசைக்குக் கேட்பதில்லை.

போன் இதனுடன் இருக்கிறது. அவருடைய துண்டில் சுற்றியிருக்கிறேன். துண்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மேகலா


பெங்களூரு
20 பிப்ரவரி

அண்ணி,

போன் வந்தது. துண்டில் காபிக்காட்டு வாசனை. இரண்டு நாள் பிரிக்கவில்லை.

பழைய சாமான் சந்தையில் இதே போன் ஒன்று வாங்கினேன், பழகிப் பார்க்க. அதுவும் பூட்டியிருந்தது. முன்பு யாருடையது என்று தெரியாது.

சிப்பில் பொறித்த முதல் நிரலில் ஒரு பிழை இருக்கிறது. கேபிள் வழியாக வருவதை அளந்து பார்க்காமல் வாங்கிக்கொள்கிறது. சாக்கு கொள்ளாத அளவு கொட்டினால் பக்கத்தில் சிந்துமே, அப்படி. சிந்துவது நம் கட்டளையாக இருந்தால் அதை நிறைவேற்றிவிடும். கையெழுத்துக் கேட்காது. பொறித்தது என்பதால் இந்தப் பிழையைத் திருத்தவும் முடியாது. போன் உள்ளவரை பிழையும் இருக்கும். ஒரு பிழையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்த அந்நியனின் போன் ஒரு மாலைக்குள் திறந்துவிட்டது. ஒன்பது புள்ளிகளில் வரையக்கூடிய கோடுகள் நாலு லட்சத்துக்கும் குறைவு. காத்திருப்பு இல்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வைத்தேன். உள்ளே யாரோ ஒருவரின் வளைகாப்புப் படங்கள். ஒரு பெண் வளையல் கையை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். போனை அணைத்துவிட்டேன். இவ்வளவு எளிது என்று எனக்கு வேலையின் மூலம் தெரியும். கையால் செய்தது இதுதான் முதல்முறை.

அண்ணனுடையது அப்படிப் போகவில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டு அந்த முதல் நிரலிடம் போகும் வழியைப் பிறகு வந்த அப்டேட் அடைத்துவிட்டது. அந்த அந்நியன் அப்டேட் போடவே இல்லை. அண்ணன் ஒன்றுகூட விடவில்லை.

இன்னும் ஒரு வழி பாக்கி. பின்மூடியைக் கழற்றி, பலகையில் இரண்டு புள்ளிகளைக் கம்பியால் தொட்டு, நேராக முதல் நிரலை எழுப்புவது. பிறகு இரண்டாவது நிரலின் பழைய பதிப்பை உள்ளே எழுதுவது. வேலை செய்யலாம். எல்லாம் போய்விடவும் செய்யலாம். எது என்று செய்த பிறகுதான் தெரியும்.

புதன்கிழமை மாலை செய்வதாக இருக்கிறேன். வேண்டாம் என்றால் அதற்குள் சொல்லுங்கள்.

பாலகுமார்


கொட்டச்சேடு
26 பிப்ரவரி, புதன்

பாலு தம்பிக்கு,

கோடு கிடைத்துவிட்டது.

இன்று காலை களத்தில் கடைசிக் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. இவரைச் சாக்கு விரித்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு நான் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், காபியில் இடது கை விரலால் குழி குழியாக அழுத்தியிருக்கிறார். வரிசைக்கு மூன்று. மூன்று வரிசை. பிறகு குழிகளைத் தொட்டு ஒரு கோடு இழுத்தார்.

நான் கையால் கலைத்துச் சமப்படுத்தினேன். சும்மா செய்கிறாரா என்று பார்க்கத்தான். மறுபடி குழி, மறுபடி அதே கோடு. இன்னொரு தடவை கலைத்தேன். அதே கோடு. போனில் கை வைத்தபோது வராதது காபியில் வந்தது.

எனக்கு அது என்ன என்றும் தெரிந்துவிட்டது. கீழே ஆபீஸில் தொடங்கி, ஸ்டோரைத் தொட்டு, ஓடைக்காடு ஏறி, மேல்காட்டில் குறுக்காகப் போய், களத்துக்கு இறங்குவது. மஸ்டர் முடிந்து, ஆபீஸில் கணக்கைக் கொடுத்துவிட்டு அவர் நடக்கும் வழி. கீழே வரைந்திருக்கிறேன். தொடங்கும் இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன்.

உடனே கூப்பிட்டேன். களத்து மேட்டில் மட்டும்தான் சிக்னல் வரும், அதுவும் ஒரே கோடு. இரண்டு தடவை மணி அடித்து நின்றது. மூன்றாவது தடவை நீங்களே கட் செய்தீர்கள். ஃபெபி படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் பார்த்தது. உங்கள் நம்பர் அதில் இல்லையாம். "பாதுகாப்பு வேலை பாக்கறவங்க அதுல இருக்க மாட்டாங்கக்கா" என்றது. மெசேஜ் அடித்தது, போகாமல் சிவப்பாகக் கிடந்தது. மதிய பஸ்ஸில் தபால் பை போகும், அதில் போடுகிறேன். இன்று மாலைக்குள் எட்டாது என்று தெரியும், நீங்கள் தள்ளிப்போட்டிருக்க வேண்டும்.

பின்மூடியைக் கழற்ற வேண்டாம். கம்பி வேண்டாம். வரைந்தால் போதும்.

மேகலா


பெங்களூரு
27 பிப்ரவரி

அண்ணி,

நேற்று மாலை செய்தேன்.

முதல் நிரல் எழுந்தது. நான் சொன்னதைக் கேட்டது. பழைய பதிப்பை உள்ளே எழுதினேன். அது எழுந்து, சிப்புக்குள் தன் பாதிச் சாவியை வைத்திருக்கும் அறையைக் கூப்பிட்டது. அந்த அறைக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது: கடைசியாக வந்த பதிப்பு எது என்பது. அதற்கு முந்தையது வந்து நின்றால் திருடன். சாவியைத் தானே அழித்துக்கொண்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

பதிவுகள் போகவில்லை. எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. சேர்க்கத்தான் முடியாது. இனி முடியாது. என்னால் மட்டுமல்ல, யாராலும்.

அந்த அறை செய்ததில் ஒரு குறையும் இல்லை. அலுவலகத்தில் என்றால் கைதட்டியிருப்பார்கள்.

நேற்று மூன்று முறை கூப்பிட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்தேன்.

பாலகுமார்


பெங்களூரு
3 மார்ச்

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று வந்தது.

கோட்டை முதலில் மேசைமேல் வரைந்தேன். பிறகு போனில். தவறு என்றது. பேட்டர்ன் தவறானாலும் அந்த வாசகம்தான் வரும். சாவி அழிந்துபோயிருந்தாலும் அதே வாசகம்தான். எது என்று அது சொல்லாது. அண்ணன் காபியில் போட்டது சரியான கோடுதானா என்று இனி நமக்குத் தெரியப்போவதில்லை.

சரியான கோடுதான். எனக்குத் தெரியும்.

ஜனவரியில் நீங்கள் கூப்பிட்டபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. "ஆடு வாங்கியிருக்கீங்களா அண்ணி" என்று கேட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது அண்ணன் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு உங்கள் நம்பர் திரையில் வந்தாலே அந்தச் சத்தம் முன்னால் வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். விழுந்த பிறகு அவர் குரலை நான் கேட்டதே இல்லை. ஆடு என்று நினைத்த அந்த ஒரு தடவையைத் தவிர.

இதைத்தான் முதல் கடிதத்தில் எழுத வரவில்லை.

பாலு


கொட்டச்சேடு
9 மார்ச்

பாலு தம்பிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. தேதி பார்க்காமல் பின்னதை முதலில் பிரித்துவிட்டேன். அதனால் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். சத்தமாகத்தான். உங்கள் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுகிறேன் என்று தெரிந்ததோ என்னவோ.

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காபியெல்லாம் மூட்டை கட்டிப் போய்விட்டது. இப்போது மண்ணில் குழி போடுகிறார். கோட்டை இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் தலையாட்டுகிறேன். திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். தினமும் திறந்து கொடுக்கிறார்.

மஸ்டருக்கு அவரைக் களத்துக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டில் தனியாக விட முடியாது. ஃபெபி பெயர் கூப்பிட, இவர் பக்கத்தில் சாக்கில் இருப்பார். ஒவ்வொரு பெயருக்கும் இவரிடமிருந்து அந்தச் சத்தம் வரும். முதல் நாள் ஃபெபி பயந்து நிறுத்திவிட்டது.

"ஏனுங்கக்கா, அண்ணனுக்கு வலிக்குதுங்களா?"

"இல்ல கண்ணு. பேர் கூப்படறார்."

"நாந்தான் கூப்படறேனுங்களே."

"உன்ற கொரல் பின்னாடி கேக்கறதில்ல சாமி. நீ பாட்டுக்குப் படி."

பொன்னாயி அக்கா, "ரெண்டு ரைட்டரு, ஒரே சம்பளம். எஸ்டேட்டுக்கு நொம்ப லாபம்" என்றது. பழையபடி சிரித்தார்கள்.

வரிசை அவருக்குத் தப்பவில்லை. என் முறை வரும்போது அந்தச் சத்தம் வருகிறது. முறையை வைத்துத்தான் அது என் பெயர் என்று தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் பெயராகவும் இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டும் கேட்டுப் பார்த்தேன். "இருக்கேனுங்க" என்கிறேன். அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இல்லை.

சனிக்கிழமை மஸ்டர் நேரத்தில் கூப்பிடுவேன். நான் பேசமாட்டேன். போனைப் பிடித்திருப்பேன், அவ்வளவுதான். கட் செய்ய வேண்டாம்.

மேகலா


பெங்களூரு
16 மார்ச்

அண்ணி,

கட் செய்யவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் காற்று. பிறகு அந்தப் பெண்ணின் சின்னக் குரல். ஒரு பெயர், அண்ணனின் சத்தம், ஒரு "இருக்கேனுங்க". அடுத்த பெயர். அடுத்தது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கி வேறு எல்லாரும் ஏறினார்கள். நான் இறங்க வேண்டிய இடமும் அதுதான். இறங்கவில்லை.

ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் அந்தச் சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டேன். காதை அழுத்திக்கொண்டு கேட்டேன். இல்லை. எங்கள் வேலையில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதபடி கலைப்பதைத்தான் நல்ல பூட்டு என்போம்.

பிறகு உங்கள் பெயர். அண்ணன். நீங்கள். யாரோ சிரித்தார்கள். கூடைகளை எடுக்கும் ஓசை, செருப்புகள் நகரும் ஓசை. மஸ்டர் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது இன்னொரு தடவை அந்தச் சத்தம் வந்தது.

உங்களுக்குப் பிறகு யாரும் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். பசியாக இருக்கலாம். கொசுவாக இருக்கலாம்.

"இருக்கேனுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் தள்ளி நின்றுகொண்டார். உடனே லைன் போய்விட்டது.

நான் சொன்னபோது போன் யார் காதில் இருந்தது அண்ணி? அதை மட்டும் எழுதுங்கள்.

பாலு